பொதுக்கூரை

நுழையும்முன்

மலைப்பயணம் என்றவுடன் கொடுமுடியில் கொடி நாட்டும் காட்சியே பலர் நினைவுக்கு வருகிறது. கொடுமுடிகளைத் தொடாமல், அவற்றின் இடையே நாள்கணக்கில் நடந்து, இரவுதோறும் ஒரு குடிலில் தங்கிச் செல்லும் பயணமும் உண்டு. இத்தாலியின் வடகிழக்கில் உள்ள டோலமைட் மலைகளில் இம்மரபு நூறாண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்துள்ளது. பயணியர் பெருகியுள்ள இக்காலத்தில், அக்குடில்கள் விடுதிகளாக மாற வேண்டுமா, குடில்களாகவே நிலைக்க வேண்டுமா என்னும் வினா எழுந்துள்ளது. அவ்வினாவை ஆராய்ந்து, தன் முடிபை முன்வைக்கிறது இக்கட்டுரை.

கடல் பெற்ற மலைகள்

வெனிஸ் நகருக்கு வடக்கே, சமவெளி முடிந்ததும் மலைகள் எழுகின்றன. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதியான அவை டோலமைட் மலைகள் எனப்படும். பசும்புல் வெளிகளுக்கும் ஊசியிலைக் காடுகளுக்கும் மேலே, வெளிறிய சுண்ணாம்புப் பாறைகள் கோட்டைச் சுவர்களைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. சிவெட்டா என்னும் மலையின் வடமேற்குச் சுவர் மட்டுமே 1000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் கொண்டது. தொடரிலேயே உயர்ந்ததான மார்மொலாடா 3343 மீட்டர் உயரமுடையது.

இப்பாறைகள் கடலில் தோன்றியவை. ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி வெப்பமண்டலக் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களும் பாசிகளும் பவளங்களும் விட்டுச்சென்ற சுண்ணாம்பு, படிவு படிவாகச் சேர்ந்து பெருந்திட்டுகளாயிற்று. பின்னர், ஆப்பிரிக்க நிலத்தட்டும் ஐரோப்பிய நிலத்தட்டும் ஒன்றையொன்று நெருக்கியபோது கடற்படுகை மேலெழுந்து மலையாயிற்று. இன்று அங்கு நடப்பவரின் காலடியில் கடற்சிப்பியின் தடம் பதிந்த கல் கிடப்பது வியப்பன்று.

காலையிலும் மாலையிலும் கதிரொளி சாய்வாக விழும்போது அவ்வெளிறிய பாறைகள் இளஞ்சிவப்பாகவும் பொன்னிறமாகவும் மாறுகின்றன. அப்பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ 30,000 பேர் பேசும் லடின் மொழியில் அந்நிறமாற்றத்திற்கென்றே ‘என்ரோசதிரா’ என்னும் சொல் இருக்கிறது. லடின், இத்தாலியம், ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளும் அங்கு வழங்குவதால், ஒரே மலைக்கும் ஒரே குடிலுக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருப்பது இயல்பு. இம்மலைகளை யுனெஸ்கோ 2009ஆம் ஆண்டு உலக இயற்கை மரபிடமாக அறிவித்தது.

தெரிந்து தெளிவோம்

பிரெஞ்சு நாட்டு நிலவியலறிஞர் தியோதா த டொலொமியூ, சுண்ணாம்புக்கல்லைப் போலத் தோன்றினும் அமிலம் பட்டால் அதனைப்போல் விரைந்து நுரைக்காத ஒரு பாறையைப் பற்றி 1791ஆம் ஆண்டு எழுதினார். கால்சியத்துடன் மக்னீசியமும் கலந்த கார்பனேட் அது. அவர் பெயராலேயே அக்கனிமம் ‘டோலமைட்’ எனப்பட்டது. கனிமத்தின் பெயர் பின்னர் மலைகளுக்கும் ஆயிற்று.

குடிலிலிருந்து குடிலுக்கு

டோலமைட் மலைகளில் நெடுநடைக்கெனப் பல ‘உயர்வழிகள்’ வகுக்கப்பட்டுள்ளன. இத்தாலிய மொழியில் இவற்றை ‘ஆல்டா வியா’ என்பர். 1960களின் இறுதியில் அமைந்த முதலாம் உயர்வழியே அவற்றுள் புகழ்மிக்கது. அது வடக்கே பிராயெஸ் ஏரிக்கரையில் தொடங்கித் தெற்கே பெல்லூனோ நகரை நோக்கி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் செல்கிறது. நாளொன்றுக்கு ஐந்து முதல் ஏழு மணிநேரம் நடப்போர் பத்து நாள்களையொட்டி அதனை முடிப்பர். சிவப்பும் வெள்ளையும் தீட்டிய கோடுகள் பாறைகளில் வழிகாட்டுகின்றன.

நாள்தோறும் நடை ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைகிறது. விடியலில் குடிலை விட்டுப் புறப்படுதல். சரளைக்கற்கள் சரியும் சரிவில் அடிமேல் அடி வைத்து ஏறுதல். கணவாயை அடைந்து மூச்சு வாங்குதல். மறுபுறம் முழங்கால் நோக இறங்குதல். பிற்பகலில் மேகம் திரளுமுன் அடுத்த குடிலைச் சேர்தல். கோடையில் பிற்பகல் இடிமழை அங்கு வழக்கமாதலால், காலந்தாழ்த்தாமை அழகுக்காகக் கூறப்படும் அறிவுரையன்று, உயிர்காக்கும் விதியாகும்.

அவ்வாறு நடப்பவர் கூடாரத்தையோ பலநாள் உணவையோ சுமப்பதில்லை. மாற்றுடை, மழைச்சட்டை, நீர்க்குடுவை, நிலப்படம், படுக்கைமேல் விரித்துக்கொள்ளும் மெல்லிய துணிப்பை ஆகியவையே சுமை. எஞ்சியவற்றைக் குடில் தருகிறது. இத்தாலியர் அக்குடிலை ‘ரிஃபூஜியோ’ என்பர். புகலிடம் என்பது அதன் பொருள். தமிழில் சத்திரம், சாவடி ஆகிய சொற்கள் உணர்த்தும் கருத்துக்கு அது நெருக்கமானது. கோடையில் ஜூன் மாதப் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரையில் குடில்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். ஒரு குடும்பமோ சில பணியாளரோ அங்கேயே தங்கிச் சமைத்துப் பேணுகின்றனர். பார்லிக் கஞ்சியும், எஞ்சிக் காய்ந்த ரொட்டியைப் பிசைந்து வேகவைத்த உருண்டைகளும், சோளமாவுக் களியும் அங்கு வழக்கமான உணவு. உறங்குவதற்கு ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள் இருக்கும்.

நன்றியால் எழுந்த வீடு

டோலமைட் மலைகளின் மிகப் பழைய குடில்களுள் ஒன்று 2575 மீட்டர் உயரத்தில் நுவொலாவு என்னும் மலையுச்சியில் இருக்கிறது. அது திறக்கப்பட்ட ஆண்டு 1883. கோர்தினா ஊரின் மலைக்காற்றில் தங்கி நோய் நீங்கப்பெற்ற சாக்சனி நாட்டவர் ஒருவர், அதற்கு நன்றியாக அளித்த பணத்தைக் கொண்டு அக்குடில் கட்டப்பட்டது. அதனால் அது தொடக்கத்தில் ‘சாக்சனியின் நன்றி’ என்னும் பொருள்படும் ஜெர்மன் பெயரால் அழைக்கப்பட்டது. மலையால் நலம் பெற்ற ஒருவர் அந்நலத்தை முன்பின் அறியாத வழிப்போக்கருக்குக் கூரையாகத் திருப்பித் தந்தார். குடில் என்னும் கருத்தின் உயிர்நிலை இச்செயலிலேயே இருக்கிறது எனலாம்.

இக்கருத்துக்கு நேர்மாறானதையும் அதே மலைகள் கண்டன. 1915ஆம் ஆண்டு இத்தாலி முதலாம் உலகப்போரில் இறங்கியதும், டோலமைட் மலைகள் போர்முனையாயின. நுவொலாவுக்கு எதிரே உள்ள லகட்சுவோய் மலையில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையினர் மேலும், இத்தாலியப் படையினர் கீழும் நின்று, பாறையைக் குடைந்து ஒருவரையொருவர் வெடிவைத்துத் தகர்க்க முயன்றனர். 1917 ஜூன் 20 அன்று இத்தாலியர் வைத்த பெருவெடி மலையின் ஒரு பகுதியையே பெயர்த்தது. நன்றியால் எழுந்த நுவொலாவுக் குடிலும் அப்போரில் அழிந்தது. போருக்குப் பின்னரே மீண்டும் எழுப்பப்பட்டது.

இன்று லகட்சுவோய் மலைமேல் 2752 மீட்டர் உயரத்தில் ஒரு குடில் இருக்கிறது. முதலாம் உயர்வழியில் வருவோர் அங்குத் தங்கி, போர்க்காலச் சுரங்கத்தின் வழியே இறங்கிச் செல்ல முடிகிறது. எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டவர்களின் வழித்தோன்றல்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே பாத்திரத்துக் கஞ்சியைப் பகிர்ந்துண்கின்றனர். சுரங்கம் தோண்டியும் இருதரப்பும் வெல்ல முடியாத மலையில், ஒரு கூரை அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

நீர் நில்லா மேடு

சுண்ணாம்பு மலைகளில் வாழ்வதற்கு ஒரு தடை உண்டு. அது நீர்ப்பற்றாக்குறை. காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. விரிசல்கள் அகன்று குழிகளாகவும் குகைகளாகவும் மாறுகின்றன. பெய்யும் மழை மேற்பரப்பில் ஓடையாக ஓடாமல் பாறைக்குள் மறைந்துவிடுகிறது. அந்நீர் பல நூறு மீட்டர் கீழே, மலையடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. எனவே பள்ளத்தாக்கில் நீர் சலசலக்க, மேலே நடப்பவர் நாவறண்டு போகும் நிலை ஏற்படுகிறது.

மேட்டிலுள்ள குடில்கள் பல, உருகும் பனியையும் கூரையில் விழும் மழையையும் தொட்டிகளில் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. உணவுப்பொருளையும் எரிபொருளையும் சில இடங்களில் சரக்குக் கம்பிவடமும், சில இடங்களில் ஹெலிகாப்டரும் கொண்டுசேர்க்கின்றன. கழிவுகளும் கீழே இறக்கப்பட வேண்டும். அங்கு ஒருவர் பத்து நிமிடம் வெந்நீரில் குளிக்கும்போது, பிறருடைய சமையலுக்கும் குடிநீருக்கும் உரிய பங்கு குறைகிறது. அதனால்தான் பல குடில்களில் குளியலுக்குக் கட்டணமும் கால அளவும் உண்டு. சிலவற்றில் குளியலறையே இல்லை. எளிமை அங்கு யாரோ விதித்த நோன்பன்று. பாறையின் இயல்பு விதித்த வரம்பு.

குடிலின் அறம்

இத்தாலிய மலையேறுவோர் மன்றம் 1863ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. நூற்றுக்கணக்கான குடில்கள் அதன் உடைமையாக உள்ளன. அக்குடில்களின் விதிகள் சிலவே. வந்தவர் பதிவேட்டில் தம் பெயரையும், மறுநாள் செல்லும் இடத்தையும் எழுத வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டும். பருவம் முடிந்து குடில் மூடப்பட்டாலும், தவித்து வருபவர் ஒதுங்க ஓரிடம் திறந்திருக்க வேண்டும்.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஒரு பண்பைக் கற்பிக்கின்றன. பதிவேட்டில் எழுதும் ஒருவரி, அவர் அடுத்த குடிலைச் சேராவிடில் எங்குத் தேடுவது என்பதைக் காட்டும் குறிப்பாகிறது. முன்பின் அறியாதவருக்கும் தன் பாதுகாப்பில் பங்கு உண்டு என ஒருவர் உணர்வது அப்போதுதான். இரவின் அமைதி, விடியுமுன் எழவேண்டிய மற்றவர்மீது காட்டும் பரிவு. திறந்திருக்கும் ஓரிடமோ, யாரும் காணாத பனிக்காலத்திலும் வரக்கூடிய ஒருவரை நினைந்து வைத்த கருணை.

பொதுவறையில் உறங்குவது எல்லார்க்கும் இனிதன்று. குறட்டை உண்டு, ஈர உடைகளின் வாடை உண்டு. ஆயினும் அங்கு மருத்துவரும் மாணவரும் தச்சரும் ஒரே அகலமுள்ள கட்டிலில் படுக்கின்றனர். இருக்கை குறைவாதலால், தனியே வந்தவரும் பிறரோடு அமர்ந்தே உண்ண நேர்கிறது. எதிரே இருப்பவர் மறுநாள் செல்லவேண்டிய வழியிலிருந்து வந்தவராயின், எந்தச் சரிவில் பனி எஞ்சியுள்ளது, எங்குக் கல் உருள்கிறது என்பதை அவரிடம் கேட்டறியலாம். கைபேசியின் திரை தராத செய்தியை ஒரு சோற்று மேசை தருகிறது.

மாறிவரும் காலம்

இம்மரபு இன்று நெருக்கடியைச் சந்திக்கிறது. சமூக ஊடகங்களில் பரவிய படங்களால் சில இடங்களில் கூட்டம் அளவு கடந்துவிட்டது. உயர்வழி தொடங்கும் பிராயெஸ் ஏரிக்கு உச்சக் கோடைக்காலத்தில் முன்பதிவின்றிச் சிற்றுந்தில் செல்ல இயலாத நிலை ஏற்பட்டுள்ளது. குடில்களின் படுக்கைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. வருவோருள் பலர் தனியறை, வெந்நீர், இணைய இணைப்பு ஆகியவற்றை எதிர்பார்க்கின்றனர். குடில்களை விரிவாக்கி, வசதி பெருக்க வேண்டும் என்ற குரல் வலுத்து வருகிறது.

அக்குரலிலும் உண்மை இல்லாமலில்லை. முதியோரும், உடல்நலம் குன்றியோரும், சிறு குழந்தைகளுடன் வருவோரும் மலையைக் காண உரிமையுடையவர்களே. கோடைக்காலச் சில மாதங்களின் வருவாயைக் கொண்டே ஆண்டு முழுதும் வாழவேண்டிய குடில்காப்பாளருக்கு, மிகுதியாகச் செலவிடும் விருந்தினர் தேவைப்படுகின்றனர். வருவாய் போதாவிட்டால் இளந்தலைமுறை அத்தொழிலை விட்டுவிடும். காப்பாளர் இல்லாத குடில் புகலிடமாக நீடிக்காது. மேலும், பழையன யாவும் நல்லன என்று கொள்ளுதலும் பிழையாகும். தூய்மையான கழிவறையும், கதிரொளி மின்சாரமும், முறையான கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் குடிலின் பண்பைக் கெடுப்பதில்லை, காக்கின்றன.

ஆயினும், வசதி வேறு, ஆடம்பரம் வேறு. மலையைக் காணும் உரிமைக்கு விடையாகச் சாலையும் கம்பிவட ஊர்தியும் எட்டும் இடங்களில் விடுதிகள் ஏற்கெனவே உள்ளன. டோலமைட் மலைகளின் பேரழகை நடக்க இயலாதவரும் அங்கிருந்து காணலாம். நடந்து மட்டுமே சேரத்தக்க உயர்குடில்களையும் விடுதியாக்கினால், நடக்க இயலாதவர்க்கு அதனால் பயனில்லை. பயன் பெறுபவர் பொருள் மிகுந்தவரே. தனியறை ஒன்றைக் கட்ட, பொதுவறையின் பல கட்டில்கள் இடமிழக்கும். விலை உயரும். பணம் குறைந்த மாணவர் முதலில் வெளியேற்றப்படுவார். அனைவருக்குமாக என்று தொடங்கும் வசதி, சிலருக்கு மட்டுமாக முடியும்.

இடப்பற்றாக்குறைக்குக் கட்டடங்களைப் பெருக்குவதும் விடையாகாது. நூறு பேருக்கு நீர் தரும் மேட்டில் இருநூறு பேருக்குக் கட்டில் போடலாம். நீரை இரட்டிப்பாக்க முடியாது. எனவே, குடிலின் அளவுக்கேற்ப வழிநடப்போர் எண்ணிக்கையை அமைப்பதே முறை. அவ்வாறு வரம்பு கட்டும்போது, முந்திப் பதிவு செய்பவர்க்கே இடம் என்றாகிவிடாமல், இளைஞர்க்கும் அன்றன்று நடந்துவருவோர்க்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படுதல் வேண்டும். குடில்காப்பாளரின் வாழ்வுக்கு உதவப் பொதுநிதியும் துணைநிற்கலாம். அவர் நடத்துவது வணிகம் மட்டுமன்று. வழிகாட்டலும் மீட்புத் தகவலும் அடங்கிய பொதுப்பணி.

மலை தரும் எச்சரிக்கை

வரம்பின்மேல் இத்துணை அழுத்தம் தர வேண்டுமா என்று ஐயுறுவோர்க்கு மலையே விடை கூறுகிறது. நுவொலாவுக் குடிலுக்கு அருகே ஐந்து கோபுரங்கள் என்னும் பாறைக்கூட்டம் உள்ளது. அதில் ட்ரெஃபோர் என்னும் ஒரு கோபுரம் 2004ஆம் ஆண்டு தானே சரிந்து வீழ்ந்தது. நிலையானவை போலத் தோன்றும் பாறைகளும் நிலையானவை அல்ல.

2022ஆம் ஆண்டு கோடை இன்னும் கடுமையானது. குளிர்காலத்தில் பனி குறைந்து, வசந்தத்தில் மழையும் பொய்த்தது. ஜூலை 2 அன்று மார்மொலாடாவின் உச்சியில் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸை எட்டியது. மறுநாள் பிற்பகல் அம்மலையின் பனியாற்றிலிருந்து ஒரு பெரும்பகுதி உடைந்து, பனியும் பாறையுமாகச் சரிவில் பாய்ந்தது. 11 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பழகிய மலையேறிகளும் வழிகாட்டிகளும் இருந்தனர்.

பனி குறைந்தால் உயர்குடிலின் தொட்டியும் வற்றும். வரும் ஆண்டுகளில் அக்குடில்கள் இன்னும் குறைந்த நீரைக் கொண்டே வாழ வேண்டியிருக்கும். குறைவில் வாழக் கற்றுள்ள ஒரு மரபை இந்நேரத்தில் கைவிடுவது, குடை தேவைப்படும் வேளையில் அதனை விற்றுவிடுவது போன்றதாகும்.

எளிமையின் செல்வம்

மலையேற்றத்தை வெற்றி என்று சொல்லும் வழக்கம் உலகெங்கும் உண்டு. குடில்வழி நடப்பவர் எதனையும் வெல்வதில்லை. கொடுமுடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் காலடியைச் சுற்றிக்கொண்டு செல்கிறார். தம் முதுகில் எவ்வளவு சுமக்க இயலும் என்பதை முதல் நாளிலும், எவ்வளவு குறைவாகச் சுமந்தால் போதும் என்பதை மூன்றாம் நாளிலும் அறிகிறார். பத்தாம் நாள் பெல்லூனோ நகரில் இறங்கி, குழாயைத் திறந்தவுடன் கொட்டும் நீரைக் காணும்போது, அந்நீரை முன்போல் பொருட்படுத்தாமல் விட அவரால் இயலாது.

அக்கல்வியைத் தருவது மலை மட்டுமன்று. பலர் சேர்ந்து பகிர்ந்த சிறு கூரையும்கூட. நோயிலிருந்து மீண்ட ஒருவரின் நன்றியால் 1883இல் எழுந்த அந்தக் கூரையின் கீழ், இன்றும் ஒரு கட்டில், ஒரு போர்வை, ஒரு கிண்ணம் கஞ்சி கிடைக்கின்றன. களைத்து வருபவர்க்கு அதற்குமேல் தேவைப்படுவதில்லை. வருங்காலத்து மாணவர் ஒருவரும் அங்குச் சென்று அதனையே பெறும்படி, குடில்கள் குடில்களாகவே இருக்கட்டும்.

கற்பவை கற்றபின்

1. ‘உயர்குடில்களை விடுதிகளாக மாற்றலாம்’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் இரு குழுக்களாக வகுப்பில் உரையாடுக. எதிர்த்தரப்பின் வலுவான கருத்து ஒன்றை ஒவ்வொரு குழுவும் முதலில் ஏற்றுக்கொண்டு பேசுதல் வேண்டும்.

2. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள பழைய சத்திரம், சாவடி, சுமைதாங்கி ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டு, அதனைக் கட்டியவர், கட்டப்பட்ட நோக்கம், இன்றைய நிலை ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. பத்து நாள் நடைப்பயணத்திற்கு முதுகுப்பையில் எடுத்துச் செல்லும் பொருள்களைப் பட்டியலிடுக. பின்னர் அப்பட்டியலில் பாதியை நீக்கி, நீக்கியதற்கான காரணங்களைக் கூறுக.